கல்யாணப் பதிவேட்டுக்கு வெளியே ஒரு குடும்பம்

“2023-ல் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு முடியாது என்று சொல்லிவிட்டதே, அதோடு எல்லாம் முடிந்ததா? ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்களுக்கு இன்றைக்குச் சட்டத்தில் ஏதாவது பிடிமானம் இருக்கிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிமானம் இருக்கிறது. ஒரு திருமணச் சான்றிதழ் கொடுப்பதில் பாதிகூட வராது. ஆனாலும் பலர் நினைத்துக்கொண்டிருப்பதைவிட அதிகம். அதில் பெரும்பங்கு டெல்லியில் பிறந்ததல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் பிறந்தது. அதைப் பற்றி நம் ஊரில் பேசுவது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தத் தீர்ப்பு. சுப்ரியோ வழக்கு என்று பெயர். ஏறத்தாழ இருபது மனுக்கள். 2023 ஏப்ரல் 18 தொடங்கி மே 11 வரை பத்து நாள் வாதம் நடந்தது, நேரலையில் நாடே பார்த்தது. அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகள் நான்கு தனித்தனித் தீர்ப்புகளை வாசித்தார்கள். மூன்று விஷயங்களில் ஐவரும் ஒன்றுபட்டார்கள். திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் நிபந்தனையற்ற அடிப்படை உரிமை அல்ல. மதம் பார்க்காமல் பதிவுத் திருமணம் செய்ய உதவும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை ரத்து செய்யவோ, அதன் சொற்களை மாற்றி வாசிக்கவோ நீதிமன்றத்தால் முடியாது. மூன்றாவது பலர் கவனிக்காமல் விட்டது: ஒரு திருநங்கை ஆணை மணக்கவும், ஒரு திருநம்பி பெண்ணை மணக்கவும் இப்போதுள்ள சட்டமே போதும்.

பிளவு வந்தது அதற்கு அடுத்த படியில். திருமணம் என்று பெயர் வைக்காவிட்டாலும், தன்பாலினத் துணைகளின் சேர்ந்த வாழ்வை அரசு ஏதோ ஒரு வடிவில் அங்கீகரித்தாக வேண்டுமா? ஆம் என்றார்கள் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி எஸ்.கே.கவுலும். அப்படி ஒரு கடமையை நீதிமன்றம் அரசின்மேல் சுமத்த முடியாது என்றார்கள் நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா. மூன்றுக்கு இரண்டு. இருவராகச் சேர்ந்து குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமையும் அதே மூன்றுக்கு இரண்டில் போயிற்று.

சிறப்புத் திருமணச் சட்டத்தை ஏன் தொட மறுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் நியாயமாகப் பார்க்க வேண்டும். “ஆண், பெண்” என்ற இடத்தில் “நபர்” என்று வாசித்தால் போதும் என்பது மனுதாரர்களின் கோரிக்கை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஆணுக்கு 21 வயது, பெண்ணுக்கு 18 வயது. சில விவாகரத்துக் காரணங்கள் மனைவிக்கு மட்டுமே உரியவை. ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் மனைவிக்குத்தான். இருவருமே பெண்கள் என்றால் அதில் யார் மனைவி? பெண்களைக் காப்பதற்காகப் போட்ட சொற்களைப் பொதுச்சொல்லாக மாற்றினால், ஏற்கெனவே கல்யாணமான பெண்களுக்கு இருக்கிற பாதுகாப்பு கரைந்துபோகும் என்று நீதிபதி பட் கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். சட்டத்தின் ஒரு நூலை இழுத்தால் வாரிசுரிமை, வரி, ஓய்வூதியம் என்று முழுத்துணியும் அசையும் என்பது உண்மைதான்.

எனக்கு மனம் ஆறாத இடம் வேறு. வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியம் போன்ற, ஒருவர் உழைத்துச் சம்பாதித்த பலன்கள் அவருடைய துணைக்குப் போய்ச் சேராமல் இருப்பது பாகுபாடுதான் என்று அதே நீதிபதி பட் எழுதியிருக்கிறார். பாகுபாடு இருக்கிறது என்று எழுதிய பிறகு, மருந்தாக அவர்கள் கொடுத்தது அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு. காலக்கெடு இல்லை. தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2005-ல் இதே சிக்கலில் நின்றபோது நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு கொடுத்தது. 2006 நவம்பரில் சட்டம் வந்தது. தைவான் நீதிமன்றம் 2017 மே மாதம் இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. 2019 மே மாதம் தனிச்சட்டமே வந்துவிட்டது. சட்டம் எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதை அந்த நீதிமன்றங்களும் மதித்தன. தேதி மட்டும் குறித்துக் கொடுத்தன. நம் ஐவரில் யாரும் தேதி குறிக்கவில்லை.

அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கக் கேட்ட சீராய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாகிவிட்டன. திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்காமல், நீதிபதிகளின் அறையிலேயே முடிந்தது. ஆகவே உச்ச நீதிமன்றத்தின் வழியே திருமணம் என்ற கதவு இப்போதைக்குச் சாத்தியே இருக்கிறது.

சாத்தின கதவு பிறகு திறந்த வரலாறும் இதே வழக்கின் பின்னணியில் உண்டு. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய, 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலையில் விலக்கியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிறிய எண்ணிக்கையினர் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருமித்து, அந்தப் பிரிவு மனமொத்த பெரியவர்களுக்குப் பொருந்தாது என்றது. இந்தச் சமூகத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதியது அந்தத் தீர்ப்பில்தான். ஐந்து ஆண்டுகளுக்குள் “முடியாது” என்பது “முடியும்” என்று மாறியது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணம். 1920-களின் இறுதியிலிருந்து ஐயர் இல்லாமல், அக்னி இல்லாமல், மாலை மாற்றி உறுதிமொழி சொல்லி ஆயிரக்கணக்கானோர் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஊர் வந்து வாழ்த்தியது, பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, வழக்கம் என்று சொல்லும் அளவுக்குப் பழமையும் இல்லை என்பது காரணம். எத்தனை பெண்களுக்கு அன்று வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1967-ல் அண்ணா முதலமைச்சரான பிறகு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைத் தமிழ்நாடு சேர்த்தது. அந்தப் பிரிவின் பெரிய பலமே அது முன்தேதியிட்டுச் செல்லும் என்பதுதான். சட்டம் வருவதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும். அதாவது, வாழ்க்கை முதலில் நடந்தது, சட்டம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து கையெழுத்துப் போட்டது. அந்தப் பிரிவும் கணவன், மனைவி என்ற சொற்களில்தான் இருக்கிறது, அதனால் இன்றைக்கு இரண்டு பெண்களுக்கு நேரடியாக உதவாது. ஆனால் ஒரு மாநிலச் சட்டமன்றம் மனம் வைத்தால் திருமணச் சட்டத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிற விஷயம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் சட்டம் இயற்ற முடியும்.

இப்போது உயர் நீதிமன்றத்துக்கு வருகிறேன்.

2019 ஏப்ரலில் மதுரைக் கிளை ஒரு வழக்கைக் கேட்டது. தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் “மணமகள்” என்று இருக்கிறது, மணமகள் என்றால் பெண் என்பது மறுப்பவர்களின் வாதம். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஒரு சொல்லுக்கு என்றைக்கும் மாறாத பொருள் என்று ஒன்று கிடையாது, தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கையும் மணமகள்தான் என்று சொல்லிப் பதிவுசெய்ய உத்தரவிட்டார். அதே தீர்ப்பில், ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத ஊடுபால் உடலோடு பிறக்கும் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் பாலின அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்றும் சொன்னார். நான்கு ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம் திருநர் திருமணம் பற்றி ஒப்புக்கொண்டதை மதுரை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தது.

2021 ஜூன் 7-ஆம் தேதி வந்த உத்தரவுதான் எனக்கு மிகப் பிடித்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டு வெளியேறிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வர, அவர்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் அபூர்வமானது. இந்த விஷயத்தைத் தானும் முழுதாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மையில் ஒருவன் என்று தீர்ப்பிலேயே எழுதினார். அரைகுறைப் புரிதலோடு எழுத மனமில்லாமல் ஓர் உளவியல் நிபுணரிடம் தாமே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் உத்தரவு. வயது வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், காணவில்லை என்ற புகாரைப் போலீஸ் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு முடித்துவிட வேண்டும் என்றார். பாலீர்ப்பை “மாற்றுகிறேன்” என்று சிகிச்சை கொடுக்கும் மருத்துவர்களின் உரிமத்தில் கைவைக்கச் சொன்னார்.

அந்த உத்தரவு காகிதத்தோடு நிற்கவில்லை. இந்தச் சமூகத்தினரைப் போலீஸார் துன்புறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022-ல் புதிதாக ஒரு விதி சேர்ந்தது. தேசிய மருத்துவ ஆணையம் அந்த மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. இந்தச் சமூகத்தினரைக் கண்ணியமாகக் குறிப்பிட அரசு தமிழில் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. சொல் கிடைப்பது சின்ன விஷயமில்லை. தன்னைப் பற்றிச் சொல்ல வசைச்சொல் தவிர வேறு சொல்லே கிடைக்காமல் ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது.

அதே வழக்கு நடந்துகொண்டே இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஒரு மாதத்தில், 2023 நவம்பரில், ஆனந்த் வெங்கடேஷ் ஒரு யோசனையை மாநில அரசின் முன் வைத்தார். “குடும்ப இணைவுப் பத்திரம்” என்று அதைத் தமிழில் சொல்லலாம். இருவர் தாங்கள் ஒரு குடும்பமாக வாழ்கிறோம் என்று ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யலாம், அரசு அதற்கு ஒரு மதிப்பைத் தரலாம். திருமணம் என்ற சொல்லைத் தொடாமலே துன்புறுத்தலிலிருந்து ஒரு கவசம். சட்டமன்றத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற யோசனை இது.

அப்புறம் 2025 மே 22. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் ஓர் ஆட்கொணர்வு மனுவைக் கேட்டார்கள். 25 வயதுப் பெண்ணை அவருடைய குடும்பத்தார் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று இன்னொரு பெண் போட்ட மனு. மனுவில் அவர் தன்னை நெருங்கிய தோழி என்று மட்டுமே எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரிகிறது என்று நீதிபதிகள் எழுதினார்கள். நீதிமன்றத்துக்கு வந்த பெண் தெளிவாகச் சொன்னார்: நான் தன்பாலீர்ப்பு உள்ளவள், இவர் என் துணை, வீட்டில் அடித்தார்கள், இவரோடுதான் போக விரும்புகிறேன். போலீஸ் அவரைப் பெற்றோரோடு போகும்படி வற்புறுத்தியதை நீதிபதிகள் கண்டித்தார்கள். எல்லாப் பெற்றோரும் எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயான நீதிபதி லீலா சேத்தைப் போல மகனின் பாலீர்ப்பை ஏற்றுக்கொண்டவர்களாக இருக்கமாட்டார்கள் என்று தாயின் நிலையையும் கனிவோடுதான் குறிப்பிட்டார்கள். பிறகு உங்கள் கேள்விக்கான நேரடி விடையை எழுதினார்கள்: சுப்ரியோ வழக்கு தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்காமல் இருக்கலாம், ஆனால் அவர்கள் ஒரு குடும்பத்தை உருவாக்கிக்கொள்ள முடியும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல. இருவருக்கும் தேவைப்படும்போது பாதுகாப்புத் தர வேண்டும் என்று போலீஸுக்குத் தொடர் உத்தரவும் போட்டார்கள்.

ஆகவே ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதிலிருந்து இன்று பாதுகாப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட மனுக்களை எப்படி விசாரிக்க வேண்டும், அந்தப் பெண்ணைப் பெற்றோர் முன்னிலையில் இல்லாமல் தனியாகக் கேட்க வேண்டும், மனதை மாற்ற ஆலோசனை என்று அனுப்பக்கூடாது என்றெல்லாம் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களுக்கு வழிமுறை கொடுத்திருக்கிறது.

பணமும் சொத்தும் வேறு கதை. அங்கே குடும்பம் என்று நீதிபதி சொன்னால் போதாது, சட்டத்தின் வரையறையில் பெயர் இருக்க வேண்டும். அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான அந்த மத்தியக் குழு 2024-ல் அமைக்கப்பட்ட பிறகு சில சுற்றறிக்கைகள் வந்தன. வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணையை நாமினியாக வைக்கவும் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் சொன்னது. ரேஷன் அட்டையில் ஒரே வீட்டாராகக் கருதலாம் என்று உணவுத் துறை சொன்னது. நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணை பெற்றுக்கொள்ளலாம் என்று சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. இவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் கடைசியைக் கவனியுங்கள்: உறவினர் இல்லாதபோது. பத்து வருடம் பேசாத அண்ணன் மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றால் அந்தக் கடிதம் எதற்கு?

சட்டம் உண்மையில் எங்கே கடிக்கிறது என்றால், இப்படி. கல்யாணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்து தாய் தந்தைக்குப் போகும். துணைக்கு ஒரு ரூபாய் கிடையாது, அந்த வீட்டின் கடனைப் பாதி கட்டியிருந்தாலும் சரி. வருங்கால வைப்பு நிதியிலும் பணிக்கொடையிலும், சட்டம் சொல்கிற “குடும்பம்” இருப்பவர் அதற்கு வெளியே உள்ளவரை நாமினியாகப் போட முடியாது. சார்ந்திருக்கும் பெற்றோரும் அந்தக் குடும்பத்தில் வருவார்கள். ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். மற்றவர் நாமினியாக இருந்தால் அவர் வெறும் வாங்கிக்கொடுப்பவர், வாரிசுகள் வந்து கேட்கலாம். கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பரிசுக்கு வருமான வரி இல்லை. துணைக்குக் கொடுத்தால் 50,000 ரூபாயைத் தாண்டியதும் வரி. இந்தக் கடைசி விஷயத்தை எதிர்த்து ஒரு தன்பாலினத் தம்பதி 2025-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த கட்டப் போராட்டம் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்: “திருமணம் கொடு” என்று ஒரே வழக்காக இல்லாமல், வரி ஒன்று, பணிக்கொடை ஒன்று, காப்பீடு ஒன்று என்று ஒவ்வொரு செங்கல்லாக.

நாடாளுமன்றத்தில் 2022 ஏப்ரலில் சுப்ரியா சுலே சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தருமபுரி உறுப்பினராக இருந்த செந்தில்குமாரும் இந்தச் சமூகத்தினரின் உரிமைகளுக்காக ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மக்களவை கலைந்ததோடு அவையும் காலாவதியாயின. நேபாளத்தில் 2023-லேயே ஒரு திருமணம் பதிவாகிவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது.

சரி, நீங்கள் சொன்ன அந்த இரண்டு பெண்கள் இன்றைக்கு என்ன செய்யலாம்?

உயில்தான் முதல் காரியம். வெள்ளைத்தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். நாளைக்குப் பிறந்த வீட்டார் சண்டைக்கு வந்தால் பதிவான உயில் எளிதில் அசையாது. நாமினி போட்டுவிட்டோமே, உயில் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நாமினி என்பது பெரும்பாலும் சாவியை வாங்கி வைத்திருப்பவர்தான், வீட்டுக்காரர் அல்ல.

இரண்டாவது, மருத்துவமனை. 2017 மனநலச் சட்டத்தின்படி, உங்களுக்காக முடிவெடுக்க யாரை வேண்டுமானாலும் பிரதிநிதியாக நியமிக்கலாம். வயது வந்தவராகவும் அந்தப் பொறுப்பை ஏற்கத் தயாராகவும் இருந்தால் போதும், ரத்த உறவு தேவையில்லை. அதற்கும் வெள்ளைத்தாளும் கையெழுத்தும் போதும். வீட்டார் பலவந்தமாக மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் ஆபத்து இருப்பவர்களுக்கு இந்தத் தாள் பெரிய காவல். மற்ற சிகிச்சைக்கு, உயிர் காக்கும் கருவிகள் பற்றிய முன்கூட்டிய மருத்துவ உத்தரவை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் எளிமையாக்கியிருக்கிறது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி. யாரிடம் கேட்க வேண்டும் என்று அதில் துணையின் பெயரை எழுதிவைக்கலாம். அதிகாரப் பத்திரம் ஒன்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு முடிந்தது, அதற்குப் பிறகு உயில்தான் பேசும்.

வீடு வாங்கினால் இருவர் பெயரிலும் வாங்குங்கள், யார் எவ்வளவு பணம் போட்டார் என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். பிறகு ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டால், குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கான சலுகை உங்களுக்குக் கிடைக்காது, முழு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும்.

வீட்டிலிருந்து மிரட்டல் வரும் நிலை இருந்தால், இருவரும் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்கிறோம் என்று தேதி போட்டு எழுதிய கடிதத்தை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். 2021 உத்தரவின் நகலும் 2025 தீர்ப்பின் நகலும் கைவசம் இருக்கட்டும். நிலைய அதிகாரிக்கு அவை தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

உயிலைப் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். சாட்சிக் கையெழுத்தை அந்தத் துணையே போட வேண்டாம், இருவரையும் அறிந்த, உங்களைவிட வயதில் இளைய இரண்டு நண்பர்களைப் போடச் சொல்லுங்கள். பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்து “ஆமாம், என் கண்முன்தான் எழுதினார்” என்று சொல்ல அவர்கள் இருக்க வேண்டும்.